உலர்ந்த கை, நனைந்த முதுகு

1

ஊரில் இருப்பவர்கள் என்னை இன்னும் வெளிநாட்டில் இருப்பவன் என்றுதான் சொல்கிறார்கள். அந்தமான் இந்தியாவில்தான் இருக்கிறது, பாஸ்போர்ட் வேண்டாம், ரூபாய்தான் செல்லும் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அருப்புக்கோட்டையில் என் சித்தப்பா மகன் போன மாதம்கூடப் போனில், "அங்க இப்ப மணி என்னடா?" என்று கேட்டான். கப்பலில் மூன்று நாள் போனால் அது வெளிநாடு இல்லாமல் வேறென்ன என்பது அவன் கட்சி. இங்கே இருக்கிற நாங்களும் அந்தப் பக்கத்தை மெயின்லேண்டு என்றுதான் சொல்கிறோம், அதனால் அவனிடம் நான் அதிகம் வாதாடுவதில்லை.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு மாற்றல் உத்தரவு. போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே படகுத்துறைப் பக்கம், தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் போடும் அலுவலகத்தில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர்கள் இருக்கும் அறை என்பதால் ஏசி உண்டு. அந்த ஏசியை நம்பித்தான் இத்தனை வருடம் இங்கே காலம் தள்ளினேன். இந்த வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் என்னை ஹட் பேக்கு மாற்றினார்கள். லிட்டில் அந்தமான் தீவில் இருக்கிற ஊர் அது, ஒரு ராத்திரி கப்பல் பயணம். அங்கே எனக்கு ஒதுக்கிய வேலை, ஜெட்டியில், அதாவது கப்பல்துறையில், தகரக் கூரைக்கு அடியில் நின்றுகொண்டு கப்பலேறுகிறவர்களின் டிக்கெட்டைச் சரிபார்ப்பது.

வேறு யாருக்காவது இந்த உத்தரவு வந்திருந்தால் வீடு பிடிக்க வேண்டுமே, பிள்ளை படிப்பு என்னாகும் என்று கவலைப்பட்டிருப்பார்கள். எனக்கு அந்தத் தகரக் கூரைதான் கண்ணில் நின்றது. அதற்கு அடியில் ஒரு கோடைக்காலம் நின்றால் நான் பிழைத்து வருவேனா என்பது எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அதனால் முதலில் என் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2

சின்ன வயதிலிருந்தே என் உள்ளங்கை ஈரமாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் வருகிற வியர்வை போல நினைத்துவிடாதீர்கள். கையைக் கவிழ்த்துப் பிடித்தால் விரல் நுனியிலிருந்து சொட்டும். பரீட்சையில் விடைத்தாள் மேல் கைக்குட்டையை விரித்து, அதன் மேல் கையை வைத்துத்தான் எழுதுவேன். கொஞ்ச நேரத்தில் கைக்குட்டையும் நனைந்து மையும் கரைந்துவிடும். கணக்கு வாத்தியார் ஒருமுறை என் தாளை இரண்டு விரலால் தூக்கி வகுப்புக்கே காட்டினார். "இவன் பரீட்சை எழுதலடா, தாளைத் துவைச்சிருக்கான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய?

படிப்பு முடிந்ததும் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். பட்டுச் சேலைப் பிரிவில் நிறுத்தினார்கள். சேலையைப் பிரித்துக் காட்டுகிற இடத்தில் எல்லாம் என் விரல் அச்சு. வாடிக்கையாளர் அம்மா ஒருவர், "இது ஏற்கெனவே யாரோ கட்டின சேலையா?" என்று கேட்டதோடு முதலாளி என்னைக் கிடங்குக்கு அனுப்பினார். அங்கே பெட்டி தூக்குகிற வேலை. அட்டைப் பெட்டியும் கையில் ஊறிக் கிழிந்தது. யாராவது கை கொடுக்க வந்தால் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடு போட்டுத் தப்பிப்பேன். அந்த வயதில் இவ்வளவு பணிவான பிள்ளையா என்று பெரியவர்கள் என்னை மெச்சினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இதற்கு ஆபரேஷன் உண்டு என்று கேள்விப்பட்டேன். அக்குளுக்குக் கீழே சின்னத் துளை போட்டு, நெஞ்சுக்குள் ஓடுகிற ஒரு நரம்பை வெட்டிவிட்டால் கை வியர்க்காது, மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். டாக்டர் ஒளித்து மறைக்கவில்லை. வேறு இடத்தில் வியர்வை கூடலாம், சிலருக்கு அதிகமாகவும் இருக்கும் என்றார். 'அதிகமாகவும்' என்ற சொல் என் காதில் ஏறவில்லை. எந்த இடத்தில் வேண்டுமானாலும் வரட்டும், கையைத் தவிர என்று சொன்னேன்.

மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது கை காய்ந்திருந்தது. கதகதவென்று, எல்லோருடைய கையையும் போல. பக்கத்து மேசையில் கிடந்த செய்தித்தாளை எடுத்துத் தடவினேன், அது கிழியவில்லை, மை ஒட்டவில்லை. அம்மாவின் கன்னத்தைத் தொட்டேன். நான் வளர்ந்த பிறகு அவள் கன்னத்தைத் தொட்டது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் அழுதோம். அந்த ஒரு நாளின் சந்தோஷத்தை இன்றைக்கும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சில வாரம் கழித்து அருப்புக்கோட்டை பஸ்ஸில் வரும்போது முதுகில் ஏதோ ஊர்வது போல இருந்தது. பூச்சி என்று நினைத்துத் தட்டினேன். தண்ணீர். முதுகெலும்பு வழியாக இறங்கி, இடுப்பைத் தாண்டி, உட்கார்ந்திருந்த சீட்டு வரைக்கும் நனைந்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். வெட்டின நரம்பை ஒட்டவைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள்.

3

நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே, தலை, முகம், கழுத்து, கை எதிலும் ஒரு சொட்டு வராது. உச்சி வெயிலில் நின்றாலும் நெற்றி சுடுமே தவிர நனையாது. கோட்டுக்குக் கீழே வயிறு, முதுகு, இடுப்பு, தொடை, முழங்கால் மடிப்பு எல்லாம் கொட்டும். எங்கள் கரிசல் காட்டில் இருந்தவரைக்கும் சமாளித்தேன். அங்கே காற்று வறட்சி, நனைந்த சட்டை நடந்து வருவதற்குள் காய்ந்துவிடும். அரசாங்க வேலை கிடைத்தது என்ற சந்தோஷத்தில் கப்பலேறி வந்தபோது இந்த ஊர்க் காற்றைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இங்கே தீப்பெட்டி நமத்துப் போகும். உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராக நிற்கும். துவைத்துப் போட்ட துணியே காயாத ஊரில் போட்டிருக்கிற துணி எங்கே காயும்?

வந்த புதிதில் அலுவலகத்தில் கைரேகை வைத்து வருகைப் பதிவு செய்யும் மிஷின் இல்லை. பிறகு வந்தது. என் கட்டைவிரல் காய்ந்த சுள்ளி மாதிரி இருப்பதால் அதற்கு ரேகை தெரியாது. சிவப்பு விளக்கு எரியும். பின்னால் வரிசை நிற்கும். எங்கள் அலுவலக பிஸ்வாஸ் வங்காளி, என் வயதுதான், நல்ல மனுஷன். "அரே சுந்தரம் பாய், மாத்தே பே ரக்டோ" என்று தன் விரலை நெற்றியில் தேய்த்துக் காட்டுவார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நெற்றியில் இருக்கிற எண்ணெயும் வியர்வையும் பட்டால் மிஷின் உடனே ஏற்றுக்கொள்ளும். நானும் தேய்ப்பேன். என் நெற்றியும் சுள்ளிதானே. பிறகு பான்ட் பையில் எதையோ தேடுவது போல, சட்டையை லேசாக விலக்கி, இடுப்பில் ஒரு தொடு தொட்டுவிட்டு வைப்பேன். பச்சை விளக்கு எரியும். யாரும் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறைப்பதில் எனக்கு இருக்கும் கைதேர்ச்சி வேறு எதிலும் கிடையாது. கருநீலச் சட்டை மட்டும்தான் போடுவேன், அதில் ஈரம் தெரியாது. என் மனைவி மங்கை சட்டையின் முதுகுப் பக்கம் உள்ளே பழைய துண்டை வெட்டி வைத்துத் தைத்துக் கொடுப்பாள். பையில் எப்போதும் மாற்றுச் சட்டையும் பனியனும் இருக்கும். கல்யாண வீட்டில் துணி உறை போட்ட நாற்காலியில் உட்கார மாட்டேன், பந்தி முடிகிறவரைக்கும் விசாரிக்கிறவன் போல நின்றுகொண்டே இருப்பேன். எந்தக் கடையில் எந்த மூலையில் ஃபேன் இருக்கிறது என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைக் கேலி செய்வார்கள். நான் அதை வருடக்கணக்காக, மூன்று வேளையும் செய்திருக்கிறேன்.

மங்கைக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவள் கட்சால் தீவில் பிறந்தவள். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, இங்கே ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். கல்யாணமான முதல் வாரத்திலேயே துவைக்கிற துணியைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். சொன்னேன். "இதுக்காங்க இவ்வளவு பயம்? எங்கப்பா அட்டை கடிச்ச காலோட கொழுந்து எடுத்தவரு" என்றாள். அவளுக்கு அது ஒரு நோயாகவே தெரியவில்லை. அன்றைக்கு அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

4

ஹட் பே என்றதும் நான் நடுங்கியதற்கு ஒரு பழைய சம்பவமும் காரணம். சில வருடங்களுக்கு முன்னால் மங்கையின் தங்கை வீட்டு விசேஷத்துக்கு அங்கே போய்விட்டுக் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தோம். மகள் வினு காலேஜ் பரீட்சை என்று வரவில்லை. ஏதோ கோளாறில் கீழ்த்தளத்தில் காற்று வருவது நின்றுவிட்டது. சனங்கள் விசிறிக்கொண்டார்கள், மேலே டெக்குக்குப் போனார்கள். எனக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை. இடுப்புக்குக் கீழே குளித்தது போல நனைந்து கிடந்தேன், தலையோ அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகக் கொதித்தது. இதயம் வேகமாக அடிக்க வேண்டிய நேரத்தில் மெதுவாக அடித்தது. அந்த நரம்புக்கு அதிலும் பங்கு உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

மங்கை தண்ணீர் கொண்டுவரப் போன நேரத்தில் பக்கத்துப் படுக்கைப் பெரியவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை, சூடு மட்டும் தகிக்கிறது. "புகார் ஹை" என்றார். காய்ச்சல் என்று முடிவுகட்டி, நல்ல மனதோடு என் மேல் ஒரு கம்பளியைப் போர்த்தினார். இன்னொருவரும் தன் போர்வையை எடுத்துப் போட்டார். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கம்பளிக்குள் கிடந்தபடி, இவர்கள் அன்பாலேயே நான் சாகப்போகிறேன் என்று நினைத்தது தெளிவாக ஞாபகம் இருக்கிறது. மங்கை ஓடிவந்து போர்வையை உருவி எறிந்து, ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் கொட்டினாள். பெரியவர் அவளைப் பைத்தியக்காரி என்று திட்டினார்.

அதனால்தான் மாற்றல் உத்தரவைப் பார்த்ததும் மங்கை, "நாளைக்கே ஆபீசுல சொல்லுங்க. ஒண்ணும் மறைக்காம எல்லாத்தையும் சொல்லுங்க. இல்லாட்டி நான் வந்து சொல்றேன்" என்றாள். எங்களுக்குள் அப்படி ஒரு சண்டை அதற்கு முன் வந்ததில்லை. மானம் போகுமே என்றேன். உசிரு போனா மானத்தை எங்க வச்சுக்குவீங்க என்றாள். மறுநாள் எங்கள் அதிகாரியிடம் உடம்பு சரியில்லை என்பதை மட்டும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உடல்நிலையைக் காரணம் காட்ட வேண்டுமானால் டாக்டர்கள் குழு முன்னால் போய் நிற்க வேண்டும், அவர்கள் எழுதிக் கொடுத்தால் உத்தரவை நிறுத்தலாம், இல்லையென்றால் அடுத்த கப்பலில் ஏற வேண்டியதுதான் என்றார்.

5

என் இந்தி, கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்குகிற அளவு இந்தி. டிக்கெட் கவுன்டரில் பேசிப் பேசி நாளும் ஊரும் கப்பலும் சரளமாக வரும். உடம்பைப் பற்றிப் பேச வராது. டாக்டர்கள் முன்னால் போக வினுவைத்தான் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது.

ஊரில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இது புரியாது. வினு இங்கே பிறந்தவள். கனவு காண்பதும் இந்தியில்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாள். எங்களோடு தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் இந்திக்கு மாறிவிடுவாள். தெருவில் வங்காளிப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் ராஞ்சிக்காரப் பிள்ளைகளும் ஒரே இந்தியில் கூடிக் கும்மாளம் போடும்போது என்னை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையசைப்பாள், அவ்வளவுதான். என்னை அப்பா என்று கூப்பிட்டதே கிடையாது, பப்பாதான். பெரியவளான பிறகு என்னோடு சேர்ந்து வெளியே வருவதே குறைந்துவிட்டது, வந்தாலும் ஒட்டாமல் வருவாள் என்பது என் மனக்குறை. அவளுக்கு என் ஆபரேஷனைப் பற்றி நான் சொன்னதில்லை. அப்பா சரியான சிடுமூஞ்சி என்று மட்டும் நினைத்திருப்பாள் என்று எண்ணியிருந்தேன்.

"டாக்டர் கேக்குறத அப்படியே எங்கிட்ட சொல்லு, நான் சொல்றத அப்படியே அவங்ககிட்ட சொல்லு. வேற ஒண்ணும் பேச வேண்டாம்" என்றேன்.

"டீக் ஹை பப்பா" என்றாள். என்ன நோய் என்று அவள் கேட்கவில்லை. அது எனக்கு விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும், அன்றைக்கு இருந்த பதற்றத்தில் படவில்லை.

6

அன்றைக்கு மழை வரும் வரும் என்று வானம் கவிந்து நின்றது, காற்றே இல்லை. குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பும்போதே மங்கை என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னிக்கு ஒரு நாளைக்குச் சட்டைய மாத்தாதீங்க. எப்பிடி நனைஞ்சிருக்கோ அப்பிடியே போயி நில்லுங்க. கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. நீளமான வராந்தாவில் பெஞ்சுகள் நிறைய ஆட்கள். ஜெட்டியில் தினமும் என்னைப் பார்க்கிற முகங்கள் சில இருந்தன, தலையாட்டினார்கள். நான் சுவரில் முதுகை ஒட்டியபடி நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர் உள்ளே போனார். அடுத்தது நான். பெரிய டாக்டர்கள் முன்னால் போகப்போகிறோம், இப்படியா போவது என்று ஒரு எண்ணம்கூட எனக்கு வரவில்லை. கால் தானாகக் கழிப்பறைக்குப் போனது. கை தானாகப் பையைத் திறந்தது. துண்டால் துடைத்து, பவுடர் போட்டு, மாற்றுச் சட்டையை மாட்டித் தலையை வாரிக்கொண்டு வெளியே வந்தேன்.

வினு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பப்பா, யே க்யா கியா ஆப்னே?" என்றாள். என்ன செய்துவிட்டீர்கள் என்று. அப்போதுதான் குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். மடிப்புக் கலையாத சட்டை. உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அறைக்குள் ஏசி சிலுசிலுவென்று ஓடியது. மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் வயதான அம்மா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என் பழைய மருத்துவக் காகிதங்களைப் படித்தார். பக்கத்தில் இருந்த இளைய டாக்டர் என் கையை வாங்கி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாகக் காய்ந்திருக்கிறது, ஆபரேஷன் பிரமாதமாக வேலை செய்திருக்கிறது என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். வினு அதை எனக்குத் தமிழில் சொன்னாள்.

"இப்போது என்ன கஷ்டம்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

இந்த இடத்தில் நான் வினுவிடம் தமிழில் சொல்லியிருக்க வேண்டும். பெரியவர்கள் நேராகக் கேட்கிறார்களே என்று நானே இந்தியில் பதில் சொன்னேன். நலமா என்று யார் கேட்டாலும் நலம் என்று சொல்லிப் பழகின வாய். "டீக் ஹை மேடம். தோடா தோடா பஸீனா" என்றேன். நன்றாக இருக்கிறேன், கொஞ்சம் கொஞ்சம் வியர்வை.

இளைய டாக்டர் சிரித்தார். "அந்தமான் மே கிஸ்கோ பஸீனா நஹீ ஆதா?" என்றார். அந்தமானில் யாருக்குத்தான் வியர்க்காது? மூன்றாவது டாக்டரும் சிரித்தார். அவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் முன்னால் நின்றது தலை வாரி, பவுடர் போட்டு, கை காய்ந்து, சிரித்த முகத்தோடு நலம் என்று சொல்கிற ஆள். டாக்டரம்மா பேனாவை எடுத்தார். எனக்குத் தகரக் கூரை கண்ணுக்கு வந்தது. வாயைத் திறந்தேன், இந்தி வரவில்லை, தமிழும் வரவில்லை.

"ஜூட் போல் ரஹே ஹைன்" என்றாள் வினு. இவர் பொய் சொல்கிறார்.

பிறகு அவள் பேசியது முழுக்க இந்தி. முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். தினமும் காலையில் பனியன்களை மங்கை வாளியில் ஊறப்போடுவதைச் சொன்னாள். அப்பா உட்காரும் நாற்காலிக்கு வீட்டில் பிளாஸ்டிக் உறை இருப்பதைச் சொன்னாள். கப்பலில் கம்பளி போர்த்திய கதையைச் சொன்னாள், அதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. இப்போது கழிப்பறையில் சட்டையை மாற்றிக்கொண்டு வந்ததைச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பூமி பிளக்காதா என்று இருந்தது. இவளுக்கு எத்தனை வருடமாகத் தெரியும்? என் கையிலிருந்த பையை நோக்கி அவள் கை வந்தது, ஈரச் சட்டையை எடுத்துக் காட்டுவதற்கு. நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்தாள். நான் விடவில்லை. மூன்று டாக்டர்கள் முன்னால் அப்பனும் மகளும் ஒரு பைக்கு மல்லுக்கட்டினோம்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "ஈரச் சட்டையைப் பார்த்து நான் என்ன எழுதுவது? வாருங்கள், வெளியே போவோம்" என்றார்.

7

வராந்தாவின் கோடியில் மாடிப்படி இருந்தது. ஏறி இறங்கி வந்து, இந்த இடத்தில், வெளிப்பக்கம் பார்த்தபடி சும்மா நிற்க வேண்டும் என்றார். ஃபேன் இல்லாத இடம். ஏறி இறங்கினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கத் திரும்பிவிட்டார்கள். டாக்டர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு ஓர் ஆளை நிறுத்திவைத்துப் பார்த்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

முதலில் முதுகெலும்பு வழியாக ஒரு கோடு இறங்கியது. அடுத்து இரண்டு பக்கமும். மங்கை தைத்த துண்டு கொஞ்ச நேரம் தாங்கியது, பிறகு அதுவும் ஊறியது. இடுப்பு வார் நனைந்தது. அதற்குக் கீழே பான்ட்டின் பின்பக்கம். இதுதான் நான் வாழ்நாளெல்லாம் பயந்தது. பார்க்கிறவனுக்கு அது வியர்வை என்று தோன்றாது, வளர்ந்த ஆள் பான்ட்டை நனைத்துக்கொண்டான் என்றுதான் தோன்றும். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். வெளியே ஒரு தென்னை மரம் இருந்தது, அதையே முறைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வினு வந்து என் முதுகுக்குப் பின்னால், ஓர் அடி தள்ளி, பெஞ்சுகளுக்கும் எனக்கும் நடுவில் நின்றாள்.

"பேட்டா, நீ ஓரமாக வா, எனக்குத் தெரியவில்லை" என்றார் டாக்டரம்மா இந்தியில்.

வினு நகரவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். அவள் துப்பட்டாவை அகலமாக விரித்துத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்கிற முகத்தோடு.

அந்த முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. கடைத்தெருவில், கோயிலில், ஜெட்டியில், அவள் பள்ளிக்கூட வாசலில், எங்கே போனாலும் இந்தப் பெண் என்னோடு சேர்ந்து நடந்ததில்லை. ஓர் அடி பின்னால்தான் வருவாள். கூட்டமான இடத்தில் இன்னும் நெருங்கி வருவாள், ஆனால் பக்கத்தில் வர மாட்டாள். இந்தி பேசுகிற சிநேகிதிகள் முன்னால் இந்த அப்பனோடு நடக்க வெட்கம் என்று நான் நினைத்தேன். மங்கையிடம் சொல்லிக் குறைபட்டிருக்கிறேன். ஒருமுறை நடுரோட்டில் நின்று, கூட நடந்தா உனக்குக் கௌரவம் குறைஞ்சிருமா என்று அவளைத் திட்டியிருக்கிறேன். நான் நடக்க ஆரம்பித்ததும் பின்னாலேயே வந்தாள்.

"தள்ளி நில்லும்மா" என்றேன்.

"பப்பா, உதர் லோக் ஹைன்" என்றாள் மெதுவாக. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

"இருக்கட்டும். பாக்கட்டும்."

அவள் உதட்டைக் கடித்தபடி ஓரமாக நகர்ந்தாள். யாரோ ஒருவர் சிரித்தது போலக் கேட்டது, சிரிப்பில்லாமலும் இருக்கலாம். டாக்டரம்மா அருகில் வந்து என் முதுகைப் பார்த்தார். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார், பொட்டு ஈரம் இல்லை. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். அவர் முகத்தில் அதுவரை இருந்த சலிப்பு இல்லை. இளைய டாக்டரைக் கூப்பிட்டு, "தொட்டுப் பார்" என்றார். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் இந்தியில் மன்னிப்புக் கேட்டார்.

"போதும். உள்ளே ஃபேனுக்கு அடியில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள்" என்றார் டாக்டரம்மா. "ஹட் பே நஹீ. நான் எழுதிவிடுகிறேன்."

உள்ளே போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். நன்றாக உட்காருங்கள், நாற்காலியைத் துடைத்துக்கொள்ளலாம் என்றார். பையில் இன்னும் ஒரு சட்டை இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. தைரியம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன், எழுந்து போய் மாற்ற உடம்பில் பலம் இல்லை.

திரும்பி வரும்போது வராந்தாவைக் கடந்து, ஸ்கூட்டர் நிறுத்திய இடத்துக்கு நடந்தோம். சட்டையும் பான்ட்டும் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தன. பெஞ்சில் இருந்த ஜெட்டி ஆட்களில் ஒருவர் எழுந்து, "டீக் ஹை பாய்?" என்று கேட்டார். "டீக் நஹீ" என்றேன். இத்தனை வருடத்தில் அப்படிச் சொன்னது முதல் தடவை. அவர் தோளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். சில அடி நடந்த பிறகு பின்னால் அதே செருப்புச் சத்தம், ஓர் அடி தள்ளி. நான் நின்றேன். அவளும் நின்றாள்.

"பக்கத்துல வாம்மா, சேந்து போவோம்" என்றேன்.

"நீங்க நடங்க பப்பா," என்றாள். "எனக்குப் பழகிருச்சு."